வளவுச் சாவியெல்லாம் என் பைக்குள்ளே

அடுத்தவர் வீட்டு அடுப்பைக் காவல் காக்கிற வேலைக்குப் போனால் முதலில் அடிப்பிடிப்பது நம் வீட்டுச் சோறுதான். ஆயாவாகவோ நர்சாகவோ பால்வாடி டீச்சராகவோ, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாருக்கு மருமகளாகவோ, எந்த ரூபத்தில் நீங்கள் இந்த வேலையைச் செய்தாலும் சரி, இதைப் படித்ததும் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நானும் ஒன்று விட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். கல்யாணமாகிப் பழங்காநத்தம் வந்தேன். வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. மகள் வள்ளிக்கு இரண்டு வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே பார்க்கிற வேலை ஏதாவது கிடைக்காதா என்று தேடியபோது கிடைத்ததுதான் இது.

என் சர்டிபிகேட்

பசுமலையிலிருந்து வந்து போகும் ஒரு டாக்டரம்மா, எங்கள் பகுதியில் சின்னதாக ஒரு சங்கம் வைத்திருந்தார். தீராத நோயோ ஊனமோ உள்ளவர்கள் எங்கேயோ போய் அடைபட்டுக் கிடக்காமல் அவரவர் வீட்டிலேயே பத்திரமாக இருக்க வேண்டும், அதற்கு வீடு வீடாகப் போய் ஒத்தாசை செய்ய ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். போய் நின்றேன். “முதலுதவி தெரியுமா?” தெரியாது. “ஊசி போடத் தெரியுமா?” தெரியாது. “இங்கிலீஷ்?” மாத்திரை அட்டையில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அர்த்தம் தெரியாது.

இதற்குள் வள்ளி மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டாள். டாக்டரம்மாவைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே இடது கையால் அவள் எட்டிப் பிடித்த ஸ்பிரிட் பாட்டிலைப் பிடுங்கினேன். வலது கை விரலை விட்டு அவள் வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தேன். அவள் மண்டை மேஜை விளிம்பில் மோதாமல் முழங்காலை முட்டுக் கொடுத்தேன். எதையும் தவறவிடாத பிள்ளை, கடைசியில் டாக்டரம்மாவின் செருப்பைக் கடித்தது. எனக்கு வேலை கிடைக்காது என்றே முடிவு செய்துவிட்டேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இந்தப் பிள்ளை இத்தனை நாள் உசுரோட இருக்கே, அதுவே பெரிய சர்டிபிகேட்டும்மா. நாளைக்கு வந்துரு.”

வாரத்துக்கு ஒரு வலிப்பு, தினசரி ஒரு நாய்

எனக்குக் கொடுத்த முதல் வீடு கமலாபாயுடையது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு வளவு. நடுவில் பொது முற்றம், குழாயடி, சுற்றிலும் ஒற்றை அறை வீடுகள். அதில் தெருப்பக்கத்து அறையில் கமலாபாய் தனியாக இருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வயது முப்பத்தைந்து இருக்கும். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் பிழைப்பு. சின்ன வயதிலிருந்து வலிப்பு. ஒருமுறை அடுப்பங்கரையில் விழுந்து இடது முழங்கை வெந்து, தோல் சுருங்கியிருந்தது. டவுனில் நூல் கடை வைத்திருக்கும் அவர் அண்ணன் ஜனார்த்தனன், தீபாவளிக்குள் தங்கை பத்திரமாக இருக்க வழி செய்யாவிட்டால் வெளியூரில் ஒரு விடுதியில் சேர்த்துவிடப் போவதாக டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தார். அந்த விடுதிக்குள் போனவர்களை வெளியே அனுப்ப மாட்டார்கள், கரண்டியைக்கூடத் தொட விட மாட்டார்கள்.

“அண்ணன் வீட்டிலேயே இருக்கலாமே அக்கா?” என்று முதல் நாளே கேட்டுத் தொலைத்தேன். “இருந்தேனே! கிணத்தடிக்குப் போகாதே, அடுப்படிக்குப் போகாதே, வாசலுக்குப் போகாதே. அங்கே நான் விழுந்தா பிடிக்க ஆள் இருந்தாங்க பாண்டியம்மா. எழுந்திருக்கத்தான் விடல” என்றார். இந்த மனுஷி இந்த அறையில், தன் கையால் உப்புப் போட்டு ஆக்கித் தின்ன வேண்டும். அது என் பொறுப்பு என்று அப்போதே மனசுக்குள் முடிந்துகொண்டேன்.

பொறுப்பு வந்ததும் நாக்கு நீண்டுவிட்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் விழுகிறபோது யார் வந்து தூக்குவார்கள், அதனால் கதவைத் திறந்தே வையுங்கள் என்று பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வலிப்பு எனக்கு வாரத்துக்கு ஒண்ணு வந்தா அதிகம். தெரு நாய் என் சாம்பாருக்குத் தினமும் வருது. எதுக்கு முதல்ல வழி சொல்றீங்க?”

இரும்பு வைத்தியம்

தாழ்ப்பாளைக் கழற்றி, வெளியிலிருந்து கயிற்றை இழுத்தால் திறக்கிற கொக்கி ஒன்றை என் வீட்டுக்காரர் செய்து மாட்டிக் கொடுத்தார். நாய்க்குக் கயிறு இழுக்கத் தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து நடந்த இரண்டாவது வாரம், முற்றத்தில் கமலாபாய் விழுந்தார். நான் ஓடிப் போனபோது வளவே அவரைச் சுற்றி நின்றது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்கே தெரியும். நாய்க்குப் பயந்து ஆளாளுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், அவரவர் சாவிக்கொத்தை அவர் கையிலும் மடியிலும் போட்டிருந்தார்கள். ஒருத்தி அரிவாள்மனையையே தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்!

அப்போதுதான் முதலுதவிப் பாடம் படித்து முடித்திருந்தேன். “விலகுங்க, காத்து வரட்டும்! கையில ஒண்ணும் குடுக்காதீங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க!” என்று கத்தி, இரும்பையெல்லாம் பொறுக்கி என் துணிப்பைக்குள் போட்டேன். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். எல்லாம் புத்தகத்தில் போட்டபடியே நடந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கி, அசந்து தூங்கினார். அவரை அறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு டவுனுக்குப் போய் வள்ளிக்குக் கவுன் துணி எடுத்தேன். அப்படியே கோயிலுக்குப் போய்த் தேங்காயும் உடைத்தேன்.

பொழுது சாயத் திரும்பி வந்தால், வளவு மொத்தமும் தெருவில் உட்கார்ந்திருக்கிறது. அத்தனை வீட்டிலும் பூட்டு. அத்தனை வீட்டுச் சாவியும் என் பையில், தேங்காய் மூடிக்குக் கீழே. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பசியில் அழுகின்றன. காலையில் பணியாரம் சுட்டு விற்கும் பேச்சியக்கா, ஊற வைத்த அரிசி உள்ளே புளித்துக்கொண்டிருக்க, என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏத்தா, அவளுக்கு வந்த வலிப்பு வெத்தலை போட்டுத் துப்புறதுக்குள்ள போயிருச்சு. நீ வந்துட்டுப் போனதுதான் பொழுதடைய நிக்குது.”

ரெண்டு விசில்

ஆபத்து என்றால் ஆளைக் கூப்பிட ஒரு வழி வேண்டுமே என்று அடுத்த வாரம் ஒரு விசில் வாங்கிக் கொடுத்தேன். வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் கமலாபாய்க்கு வயிற்றில் ஏதோ புரளுமாம், தெரிந்துவிடுமாம். சட்டம் நான்தான் போட்டேன். சும்மா ஒத்தாசை வேண்டுமென்றால் ஒரு விசில். வலிப்பு வரும்போல் இருந்தால் ரெண்டு விசில். அவர் ஜன்னலுக்கு நேர் கீழேதான் பஸ் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

ஒரு நாள் காலையில் அவருக்கு வயிறு புரண்டது. ரெண்டு விசில் ஊதினார். நானும் பேச்சியக்காவும் பறந்து போனோம். அது வெறும் பசிப் புரட்டல், வலிப்பு வரவில்லை. ஆனால் திருப்பரங்குன்றம் போகிற டவுன் பஸ் போய்விட்டது. கண்டக்டர் கீழே நின்று ஒரு பெரியவரின் வாழைத்தாரை ஏற்றிக்கொண்டிருந்தார். டிரைவர் ரெண்டு விசிலைக் கேட்டதும் வழக்கம்போல வண்டியை எடுத்துவிட்டார். நல்லவேளை, படியில் யாரும் கால் வைத்திருக்கவில்லை. விசிலை அன்றைக்கே வாங்கிப் பையில் போட்டேன். அதற்குப் பதிலாக, பேச்சியக்கா வீட்டோடு பொதுவாக இருந்த சுவரில் சொம்பால் தட்டுவது என்று ஏற்பாடானது. பஸ்ஸைத் துரத்திப் பிடிக்க முடியாமல் திரும்பி வந்த கண்டக்டர், கையில் வாழைத்தாரோடு ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார்: “அக்கா, உங்களுக்கு உடம்பு சரியாகட்டும். ஆனா ஊதுறதா இருந்தா மூணா ஊதுங்க, வண்டி எனக்கும் வேணும்.”

சாமி சொன்னதும் டாக்டர் சொன்னதும்

மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் வலிப்பு வெகுவாகக் குறையும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கமலாபாயும் போட்டார். ஆனாலும் மாதத்தில் குறிப்பிட்ட சில நாள் தவறாமல் விழுந்தார். துப்பறிந்தேன். அட்டையை எண்ணினேன், தூக்கத்தைக் கேட்டேன், சாப்பாட்டைக் கேட்டேன். கடைசியில் நாள்காட்டியைப் பார்த்தால், ஏகாதசிக்கு மறுநாள் விழுகிறார்! விரத நாளில் பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் வைக்க மாட்டாராம், மாத்திரையும் சேர்த்து.

நான் சொன்னால் கேட்பாரா? பெருமாள் கோயில் பட்டரிடமே போனேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “மருந்து ஆகாரத்தில் சேராதும்மா, துளசித் தீர்த்தத்தோடு முழுங்கச் சொல்லு” என்றார். தலைகால் புரியாமல் ஓடி வந்து, சாமியே சம்மதம் சொல்லிவிட்டார் என்று அறிவித்தேன். கமலாபாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் சந்தேகமாக என்னைப் பார்த்தார். “சாமி ஒத்துக்கிட்டாரு, சரி. துளசித் தண்ணியில முழுங்குனா மாத்திரை வேலை செய்யுமான்னு டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”

பஞ்சாரம்

மிச்சம் இருந்தது அடுப்பு. கமலாபாய் வைத்திருந்தது மண்ணெண்ணெய் ஸ்டவ். விழுந்தால் அதன் மேல் விழக் கூடாது, அவ்வளவுதான் பிரச்சினை. ஸ்டவ்வைச் சுற்றி ஒரு கூண்டு இருந்தால் போதும் என்று எனக்கு யோசனை வந்தது. எங்கள் ஊரில் கோழி கவிழ்க்கிற மூங்கில் பஞ்சாரம் ஞாபகத்துக்கு வந்தது. ஊருக்குப் போய், அம்மாவின் கோழியைத் திறந்துவிட்டு ஒரு பஞ்சாரத்தை எடுத்து, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து, உச்சியை வெட்டி, ஸ்டவ்வுக்கு மேலே அழகாகக் கவிழ்த்தேன்.

மூங்கில் தீப்பிடிக்கும் என்பது எட்டாவது வரை படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை. பால் பொங்குவதற்கு முன்னால் பஞ்சாரம் பொங்கிவிட்டது. வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தோம். பிறகு என் வீட்டுக்காரர் பட்டறையில் கிடந்த இரும்புக் கம்பியை வளைத்து, தரையில் பதித்து, இடுப்பளவுக்கு ஒரு நல்ல கூண்டு செய்து கொடுத்தார். பாத்திரத்தை மேல் வழியாக வைத்து எடுக்கலாம், ஆள் சாய்ந்தாலும் நெருப்பு தொடாது. கருகின பஞ்சாரத்தை நான் தலையில் வைத்து எடுத்துப் போனபோது பேச்சியக்கா வாசலில் நின்றிருந்தார். “கொண்டு வந்ததுதான் கொண்டு வந்த, உள்ள ஒரு கோழியையும் போட்டுக் கொண்டாந்திருந்தா இன்னைக்குச் சுட்ட கறியாவது கெடச்சிருக்கும்.”

என் வீட்டு லட்சணம்

இத்தனை செய்தவளுக்கு நன்றி சொல்ல வேண்டாமா என்று கமலாபாய் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார், டப்பாவில் கொஞ்சம் புளியோதரையோடு. நான் ஆபத்தில்லாத வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் படம் வரைந்து காட்டுகிறவள். அவர் நடு வீட்டில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். ரேஷன் மண்ணெண்ணெய் சர்பத் பாட்டிலில், மோர்ச் சொம்புக்குப் பக்கத்தில். தீப்பெட்டி தொட்டில் விளிம்பில். அரிவாள்மனை வாயைப் பிளந்துகொண்டு வாசல்படியில். வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து கொண்டுவந்த வயர் ஒன்று, தோல் உரிந்து, துணி காயும் கொடியோடு சுற்றிக்கொண்டு.

வள்ளி அந்த சர்பத் பாட்டிலை நோக்கித் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தாள். கமலாபாய் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்றொன்றாக எடுத்து மேலே வைத்தார், எட்டாத இடமாகப் பார்த்து. நான் அசடு வழிய நின்றேன். எல்லாம் முடித்து உட்கார்ந்தவர் புளியோதரை டப்பாவை என் பக்கம் தள்ளினார். “பாண்டியம்மா, நான் வலிப்புக்காரி. எனக்கே உங்க வீட்டுல பயமா இருக்கு.”

தீ ஒத்திகை

தீபாவளி நெருங்கியது. சேலையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, ஈரச் சாக்கைப் போர்த்தி உருட்ட வேண்டும் என்று வளவுக்குச் சொல்லிக் கொடுக்க நினைத்தேன். பேச்சால் சொன்னால் மறந்துவிடுவார்கள், நடத்திக் காட்டுவோம் என்றேன். தீப்பிடித்தவளாக நடிக்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வாயால்கூடச் சொல்லக் கூடாது என்றார்கள். சரி, நானே நடிக்கிறேன் என்று முற்றத்தில் நின்று “ஐயோ, தீ!” என்று கத்தினேன். பேச்சியக்கா தலைமையில் ஒரு படையே பாய்ந்தது. வாளி வாளியாகத் தண்ணீர். அதன் மேல் சாக்கு. அந்தச் சாக்கில் முந்தின நாள் வரை இருந்தது வரமிளகாய் என்று பேச்சியக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாக்கு மூஞ்சியில் ஒட்டியதும் எனக்கு நிஜமாகவே பற்றி எரிந்தது. “விடுங்க, விடுங்க, கண்ணு போச்சு!” என்று அலறினேன். “நல்லா நடிக்கிறா, இன்னும் உருட்டுங்க!” என்றது வளவு. கமலாபாய் கையில் வாளியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதே நேரம் பார்த்து, வாசலில் அவர் அண்ணன் ஜனார்த்தனன் வந்து நின்றார். உருளுகிற சாக்கைப் பார்த்துத் தங்கைதான் என்று நினைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் சாக்கிலிருந்து வெளியே வந்து, கண்ணில் நீர் வழிய, “வாங்கண்ணே” என்றேன். அவருக்கு உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும் வந்தது. தங்கையிடம் அவர்கள் பாஷையில் மூச்சு விடாமல் பேசினார். நான் கமலாபாய் காதில், “என்ன சொல்றாரு?” என்றேன். “ஒத்திகை நல்லா இருக்குங்கிறாரு” என்றார் அவர், கீழே பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஜனார்த்தனன் தமிழிலேயே எனக்குச் சொன்னார்: “இம்புட்டுப் பாதுகாப்புக்கு நடுவுல என் தங்கச்சி இருக்க வேண்டாம்மா. ஞாயித்துக்கிழமை வண்டியோட வாரேன்.”

சாவி

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நான் போய்விட்டேன். வள்ளியைப் பேச்சியக்கா மகளிடம் விட்டேன். கமலாபாய் ஒரு துணியைக்கூட மடித்து வைத்திருக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று கண் சொன்னது. சைக்கிள் ரிக்‌ஷா வாசலில் வந்து நின்றது. ஜனார்த்தனன் உள்ளே வந்தார். இடுப்பில், வேட்டி மடிப்பில், வீட்டுச் சாவியும் கடைச் சாவியும் கோத்த பெரிய கொத்து. “காபி குடிச்சுட்டுப் பேசுங்கண்ணா” என்று சொல்லிக் கமலாபாய் கூண்டுக்குள் இருந்த ஸ்டவ்வைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினார். நான் வாய் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

காபியைக் கலந்து டம்ளரை நீட்டினவர், நீட்டினபடியே ஒரு மாதிரி பார்த்தார். டம்ளரை அண்ணன் கையில் திணித்துவிட்டு, சொம்பை எடுத்துச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த தட்டுக்குள் கூண்டின் மேல் சாய்ந்து, வழுக்கித் தரைக்கு வந்துவிட்டார். ஜனார்த்தனன் டம்ளரைப் போட்டுவிட்டு, “கமலா, கமலா” என்று அலறி, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவர் கையில் வைத்து அழுத்தி, கைக்குட்டையை வாய்க்குள் கொடுக்கப் போனார்.

அந்த இடத்தில் நான் ஏதோ பெரிய காரியம் செய்தேன் என்று எழுத ஆசைதான். கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்துகொண்டு பேச்சியக்கா வந்தார், பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். ஒருத்தி ஸ்டவ்வை அணைத்தாள். ஒருத்தி சிந்தின காபியைத் துடைத்துவிட்டு, மடித்த சேலையைத் தலைக்கு அடியில் வைத்தாள். பேச்சியக்கா கமலாபாயை ஒருக்களித்துத் திருப்பிவிட்டு, ஜனார்த்தனன் கையைப் பிடித்து, “அண்ணே, வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாது. இப்படித் தள்ளி உட்காருங்க, காத்து வரட்டும்” என்றார். எவளும் கத்தவில்லை. எவளும் இரும்பைத் தேடவில்லை. அதுவும் என் பாடத்தால் இல்லை. என் பையைப் பார்த்ததுமே அத்தனை பேரும் அவரவர் சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். கமலாபாயின் விரல்களை மெள்ளப் பிரித்து, அந்தக் கொத்துச் சாவியை, கையில் குத்தாமல், எடுத்து அப்புறப்படுத்தினேன்.

அடங்கியது. தூங்கினார். நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஜனார்த்தனன் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க வீட்டுல இவளுக்கு வந்தா அத்தனை பேரும் ஒப்பாரி வைப்போம்” என்றார் மெதுவாக, யாரிடம் என்றில்லாமல். “அவ கண்ணு முழிச்சுப் பார்க்கிறப்போ ஒருத்தர் முகத்துலயும் உசுரு இருக்காது.” பேச்சியக்கா, “இங்க எங்களுக்கு அழ எங்கண்ணே நேரம், மாவு கெடக்கு” என்றார். அதற்குள் கமலாபாய் கண் விழித்தார். எல்லார் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். “காபி கொட்டிருச்சா அண்ணா? இருங்க, வேற போட்டுத் தாரேன்” என்றார்.

ஜனார்த்தனன் வெளியே போய் ரிக்‌ஷாக்காரரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் தெளிந்ததும் கமலாபாய், பேச்சியக்கா பக்கத்தில் நிற்க, அந்தக் கூண்டுக்குள் இருந்த ஸ்டவ்விலேயே காபி கலந்து கொடுத்தார். அண்ணன் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வள்ளியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தேன். தீபாவளிக்கு எடுத்த புதுச் சேலையைக் கட்டினேன். வீட்டுக்காரரிடம் கதையை முதலிலிருந்து சொன்னேன், ரெண்டாம் தடவையும் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கும் சோறு அடிப்பிடித்தது.

விளக்கு வைக்கிற நேரம். வாசலில் யாரோ கனைத்தார்கள். ஜனார்த்தனன்! சட்டை முழுக்க வேர்வை. டவுனுக்குப் போய், வீட்டு ஆட்கள் ஊருக்குப் போயிருக்கப் பூட்டிவிட்டு வந்த வீட்டையும் பூட்டின கடையையும் பார்த்துவிட்டு, வளவுக்குத் திரும்பி வந்து, பேச்சியக்காவிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். பேச்சியக்கா சிரித்து முடிக்கவே வெகு நேரமானதாம். எனக்கு விஷயம் புரிந்து, சுவரில் தொங்கிய துணிப்பையைப் பார்த்தேன். வள்ளி அதற்குள் அதைக் கீழே இழுத்து, உள்ளே கைவிட்டு, பெரிய கொத்துச் சாவியில் ஒன்றை வாயில் வைத்திருந்தாள். எடுத்துத் துடைத்து நீட்டினேன். அவர் வாங்கி, இடுப்பில் செருகி, மேலே ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டு சொன்னார்: “என் தங்கச்சிய உங்களை நம்பி விட்டுட்டேன்மா. சாவிய மட்டும் நம்பி விட முடியாது.”

ஆக, பிறரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலையில் நான் சந்தேகமில்லாமல் கற்றுக்கொண்டது, ஆபத்து நீங்கியதும் என் பையை அங்கேயே கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்பது மட்டும்தான்.